எட்டாயிரத்து எண்பதாம் பெட்டி

எங்கள் வீட்டு மடிக்கணினிக்கு மலாய் மட்டும்தான் தெரியும். வாங்கிய அன்று கடைக்காரப் பையன், "அங்கிள், எந்த பாஷையில வைக்கட்டும்?" என்று கேட்டான். ஆங்கிலம் என்றால் என் மனைவி அதன் பக்கமே வரமாட்டாள். தமிழ் என்றால் நானே வரமாட்டேன். 'உலாவி', 'சேவையகம்' என்று அது என்னைப் பரீட்சை எழுத உட்கார வைத்துவிடும். இருவருக்கும் பொதுவாக மலாயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அந்தச் சமரசத்தின் பலனை ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அனுபவித்தேன்.

சனிக்கிழமை ஐந்து மணி என்பது எங்கள் வீட்டில் ராகுகாலத்தைவிடக் கண்டிப்பான நேரம். பினாங்கில் ஐந்து என்றால் மகள் இருக்கும் மெல்பர்னில் ஏழு. அங்கே கோடைக்காகக் கடிகாரத்தை முன்னே தள்ளி வைக்கும் மாதங்களில் எட்டு. பேரனுக்கு ஐந்து வயது. எட்டரைக்குத் தூங்கிவிடுவான். அதற்குள் அவனைப் பார்த்துவிட வேண்டும். கைப்பேசியில் பார்த்தால் புளியங்கொட்டை அளவுதான் தெரிகிறான் என்று மனைவி சொன்னதால், மடிக்கணினியைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு கம்பி போட்டு இணைத்து, பூஜை அறைக்கு அடுத்த அந்தஸ்தில் வைத்திருக்கிறோம்.

அன்றைக்கு ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது குரோமைத் திறந்தேன். பேரனுக்குப் பதிலாக ஒரு சாம்பல் பக்கம் வந்தது. இணையம் இல்லை, 'பெலாயான் புரொக்சி'யில் ஏதோ கோளாறு, அல்லது முகவரி தப்பு என்று மலாயில் எழுதியிருந்தது.

பெலாயான் என்றால் மலாயில் பணியாள். கணினிக்காரர்கள் சர்வரை அப்படி மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். ஆனால் நாற்பது வருஷமாக ஜெலுத்தோங்கில் குடியிருக்கும் எனக்குப் பெலாயான் என்றதும் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் நாசி கண்டார் சோற்றுக்கடையில் தோளில் துண்டோடு நிற்கும் தம்பியின் முகம்தான் ஞாபகத்துக்கு வரும். "பணியாளுக்கு என்னமோ ஆயிடுச்சாம்" என்று மனைவியிடம் சொன்னேன்.

"யார் வீட்டுப் பணியாளுக்கு?" என்றாள்.

இப்போது யோசித்துப் பார்த்தால், அந்த மொழிபெயர்ப்பைப் போல் பொருத்தமானது வேறில்லை. நாசி கண்டார் கடையில் நான் போய் உட்காருகிறேன். தே தாரிக் கலக்குபவர் உள்ளே இருக்கிறார். அவருக்கு என்னைத் தெரியாது. தம்பியிடம் சொல்கிறேன். அவன் அங்கிருந்தே "தே தாரிக் சத்து!" என்று, அதாவது டீ ஒன்று என்று, குரல் கொடுக்கிறான். கலக்குபவருக்குத் தெரிந்ததெல்லாம் தம்பியின் குரல்தான். கிளாஸ் தம்பி கைக்கு வந்து, அவன் கையிலிருந்து என் மேசைக்கு வருகிறது. பிராக்சி சர்வர் செய்வது அட்சரம் பிசகாமல் இதைத்தான். நாம் கேட்கும் பக்கத்தை அது போய்க் கேட்டு வாங்கி வந்து நம்மிடம் தரும். அந்தப் பக்கத்தைக் கேட்டது யார் என்று எதிர்முனைக்கு நேரடியாகத் தெரிவது பணியாளின் முகவரி மட்டும்.

நல்ல பணியாள் இன்னொன்றும் செய்வான். அடிக்கடி வரும் ஆளின் முகத்தைப் பார்த்ததுமே, அவர் கேட்பதற்கு முன்னால் கொண்டுவந்து வைத்துவிடுவான். பிராக்சியும் அப்படியே. நூறு பேர் கேட்ட பக்கத்தை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, நூற்றியோராவது ஆளுக்கு உள்ளே போகாமலே எடுத்துக் கொடுக்கும். இதற்குக் கேஷ் என்று பெயர்; காசு இல்லை, சேமிப்பு. இதில் ஒரு சங்கடம், கைவசம் இருப்பது பழையதாக இருக்கலாம். டாக்டர் எனக்குச் சர்க்கரையை நிறுத்தி நான்கு வருஷம் ஆகிறது. நான் போனதும் தம்பி இன்றுவரை கொண்டுவந்து வைப்பது பாலும் சீனியும் வழியும் பழைய தே தாரிக்கைத்தான். 'தே ஓ கோசோங்' என்று ஒவ்வொரு தடவையும் சொல்லித் திருப்பி அனுப்புகிறேன். எல்லாத் தடவையும் என்று சொன்னால் மனைவி நம்பமாட்டாள்.

இந்தச் சேமிப்பு வேலையில் பேர்போன மென்பொருள் ஒன்று 1996 முதல் இருக்கிறது. அதன் பெயர் ஸ்குவிட், அதாவது கணவாய். நம் ஊரில் சொல்வதானால் சோத்தோங். நாசி கண்டாருக்கு அதைவிடப் பொருத்தமான பெயரை யாராலும் யோசித்திருக்க முடியாது.

சனிக்கிழமைக்கு வருகிறேன். முதலில் எல்லோரும் செய்வதைச் செய்தேன். மோடத்தை அணைத்து, முப்பது எண்ணி, திரும்பப் போட்டேன். பச்சை விளக்குகள் எல்லாம் கார்த்திகை தீபம்போல் வரிசையாக எரிந்தன. கைப்பேசியில் அதே வைஃபையில் எல்லாம் வந்தது. மடிக்கணினி மட்டும் பிடிவாதமாகப் பணியாளைப் பற்றியே புலம்பியது. வைஃபை சரி, பில் கட்டியாகிவிட்டது, கோளாறு இந்தப் பெட்டிக்குள்தான் என்று அந்த நிமிஷமே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவும் செய்தது. ஆனால் புரிந்ததை வெளியே சொல்ல முடியாத நிலையில் இருந்தேன்.

காரணம், முந்தின வாரம் நான் செய்த ஒரு காரியம். ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். இணையத்தில் இருக்கிறது, ஆனால் மலேசியாவிலிருந்து பார்க்க முடியாது என்று கதவைச் சாத்திவிட்டார்கள். இந்தியாவில் இருப்பதுபோல் காட்டிக்கொள்ள ஒரு மென்பொருள் இலவசமாகக் கிடைத்தது. என் தாத்தா இந்தியாவிலிருந்து மலாயாவுக்கு வர நாகப்பட்டினத்தில் கப்பலேறி ஒரு வாரம் கடலில் கிடந்தார். நான் திரும்பிப் போக நாற்பது வினாடி ஆனது. படம் ஓடியது. படத்தோடு கூடவே முடி வளரும் எண்ணெய், சூதாட்டம், ரஷ்யப் பெண்கள் என்று விளம்பரங்களும் வரத் தொடங்கின. மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்ப்பதற்குள் மென்பொருளை வேரோடு பிடுங்கி எறிந்தேன். வேரோடு என்றுதான் நினைத்தேன்.

இந்தமாதிரி மென்பொருள்களில் பல என்ன செய்கின்றன என்றால், கணினிக்குள்ளேயே ஒரு பணியாளாக உட்கார்ந்துகொண்டு, "இனி எல்லாப் பக்கத்தையும் என்னிடமே கேள்" என்று கணினியின் அமைப்பில் எழுதி வைத்துவிடுகின்றன. அவற்றை நீக்கும்போது ஆள் போய்விடுகிறான். எழுதி வைத்தது போவதில்லை. எங்கள் கணினியில் எழுதியிருந்த முகவரி 127.0.0.1. உலகத்தில் எந்தக் கணினியிலும் அந்த எண்ணுக்கு ஒரே அர்த்தம்: 'நானே'. ஆக, ஒரு வாரமாக எங்கள் மடிக்கணினி தன் வீட்டுக் கதவைத் தானே தட்டி, "உள்ளே யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டு, யாரும் இல்லை என்று தானே பதில் சொல்லி, அதற்காக என்னிடம் வருத்தமும் தெரிவித்துக்கொண்டிருந்தது.

நகரத்தில் ஒரு கடைக்குப் போன் போட்டேன். "ஃபார்மெட் பண்ணணும் அங்கிள், 80 வெள்ளி, படமெல்லாம் போயிடும்" என்றார்கள். பேரன் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் அதற்குள் இருந்தன. வேறு வழியில்லாமல் மெல்பர்னுக்கே போன் செய்தோம்.

எங்கள் வீட்டுச் சட்டத்தில், போனை ஸ்பீக்கரில் போடக்கூடாது. பக்கத்து வீட்டு ஆண்ட்டிக்கு நம் வீட்டு விஷயம் எதற்கு என்பது மனைவியின் கட்சி. என் ஒரு கை மவுஸில், இன்னொரு கை மூக்குக் கண்ணாடியில். அதனால் போனை அவள் பிடித்துக்கொண்டாள். மகள் சொல்வதைக் கேட்டு எனக்குச் சொல்வது, நான் சொல்வதை மகளுக்குச் சொல்வது என்று ஏற்பாடு. பிராக்சியை நீக்குவதற்கு ஒரு பிராக்சி.

"மூணு புள்ளி இருக்காம், அதை அமுக்கணுமாம்."

"எங்கே?"

"எங்கேன்னு கேக்கறார்மா... வலது பக்கம் மேலயாம்."

மூன்று புள்ளியைக் கண்டுபிடித்தேன். அதற்குள் 'தெத்தாப்பான்', அதாவது அமைப்பு, அதற்குள் 'சிஸ்டம்', அதில் கணினியின் புரொக்சி அமைப்பைத் திற என்று ஒரு வரி. அமுக்கியதும் குரோம் ஒதுங்கிக்கொண்டு வேறு ஜன்னல் திறந்தது. குரோமுக்கென்று சொந்தமாகப் பணியாள் கிடையாது. விண்டோஸ் வைத்திருக்கும் பணியாளையே தானும் பயன்படுத்திக்கொள்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் அப்படியில்லை, தனிக்குடித்தனம். கணினியின் அமைப்பைப் பின்பற்றலாம், தனியாக ஒன்றை எழுதிக்கொள்ளலாம், பிராக்சியே வேண்டாம் என்றும் சொல்லலாம். அன்றைக்கே அதைத் திறந்து பார்த்திருந்தால் ஒருவேளை பேரன் வந்திருப்பான். அந்த யோசனை அப்போது யாருக்கும் வரவில்லை.

திறந்த ஜன்னலில் எல்லாம் இருந்தது. 'பணியாளைப் பயன்படுத்து' என்று ஒரு பொத்தான், எரிந்துகொண்டிருந்தது. கீழே முகவரி 127.0.0.1. பக்கத்தில் போர்ட் 8080.

"எரியுது, எண் இருக்குன்னு சொல்லு" என்றேன்.

மகள் அங்கிருந்து மலாயில் ஒரு சொல் சொன்னாள். திரையில் மலாய் இருப்பதால் அவளும் மலாயிலேயே சொன்னாள்: 'மாத்திக்கான்'. அணைத்துவிடு என்று அர்த்தம். மலாயில் 'மாத்தி' என்றால் சாவு. விளக்கையும் விசிறியையும் அணைக்கும்போது சாகடித்துவிடு என்றுதான் சொல்வார்கள். இது எங்கள் மூவருக்குமே தெரியும். ஆனால் தமிழ்ப் பேச்சுக்கு நடுவில் வந்தால் காது எந்த பாஷையில் இருக்கிறதோ அந்த பாஷையில்தானே கேட்கும்?

மனைவி என்னிடம் சொன்னாள்: "மாத்திக்கணுமாம்."

"எதை?"

"அந்த எண்ணைத்தான், வேற எதை?"

8080-ஐ 8081 என்று மாத்தினேன். சேமித்தேன். பக்கம் வரவில்லை. 8082. வரவில்லை. கோயிலைச் சுற்றுவதுபோல் 8090 வரைக்கும் போய்விட்டேன். மெல்பர்னில் மகள், "மாத்தியாச்சா, மாத்தியாச்சா" என்று கேட்கிறாள். மனைவி, "மாத்திட்டே இருக்கார்மா, பத்து தடவை மாத்திட்டார்" என்கிறாள். பத்துத் தடவை எப்படி அணைக்க முடியும் என்று மகளுக்குச் சந்தேகம் வருவதற்குள் பேரன் பல் தேய்க்கப் போய்விட்டான்.

"அப்பா ஒரு சோத்தோங்" என்று அவள் சொன்னது மட்டும் எந்தத் திருத்தமும் இல்லாமல் என்னிடம் வந்து சேர்ந்தது. மந்தமான ஆளை இந்த ஊரில் அப்படிச் சொல்வது வழக்கம். சில செய்திகளை எந்த நடுவரும் வடிகட்டுவதில்லை.

இந்த இடத்தில் என் தாத்தாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் லெபு பினாங்கு தெருவில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர். முதலாளி தேவகோட்டைப் பக்கத்தில் இருப்பார். பினாங்குக்கு வந்ததேகூட இருக்காது. அவர் பெயரில் கடன் கொடுப்பது, வட்டி வாங்குவது, கோர்ட்டுக்குப் போவது எல்லாம் இங்கே இருக்கும் ஏஜெண்ட். மேலாள் என்றும் சொல்வார்கள். கையில் பவர்ப் பத்திரம், மூன்று வருஷக் கணக்கு. அது முடிந்ததும் அவர் ஊருக்குக் கப்பலேற, இன்னொருவர் வந்து உட்காருவார். கடன் வாங்கியவனுக்குத் தெரிந்த முகம் ஏஜெண்டுடையது. பணம் யாருடையது என்பது கடலுக்கு அப்பால். இதே ஏற்பாட்டைத்தான் 1994-இல் ஜெனீவா பக்கம் செர்ன் ஆய்வுக்கூடத்தில் ஆரி லூட்டோனன் என்பவரும் இன்டெல் நிறுவனத்தின் கெவின் ஆல்டிஸ் என்பவரும் சேர்ந்து 'வலைப் பிராக்சி' என்று கட்டுரையாக எழுதினார்கள். ஃபயர்வால் எனும் தீச்சுவருக்கு உள்ளே அடைபட்டிருப்பவர்கள் வெளியுலகைப் பார்க்க ஓர் ஏஜெண்ட் வேண்டியிருந்தது. இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை 1972-இலேயே பினாங்கில் பாயான் லெப்பாஸில் திறந்துவிட்டது. நெல்வயலுக்கு நடுவே இருந்த அந்தத் தொழிற்சாலையிலிருந்து பஸ்ஸேறி லெபு பினாங்குக்கு யாராவது ஒருவர் வந்து தாத்தாவைப் பார்த்திருந்தால் கட்டுரை இருபது வருஷம் முன்னாலேயே வந்திருக்கும் என்பது என் எண்ணம். அதை யாரும் ஏற்றுக்கொண்டதில்லை.

இன்னும் ஒரு பொருத்தம் இருக்கிறது. கிட்டங்கி ஒரு நீளக் கூடம். ஒரே கூரைக்குக் கீழே பல கடைகள். தடுப்புச் சுவர் கிடையாது. ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு பாய், ஓர் அலமாரி. மூனா, ரூனா என்று இரண்டு மூன்று எழுத்தில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு விலாசம். தபால்காரர் கிட்டங்கி எது என்று பார்த்து உள்ளே வருவார். அதற்கப்புறம் யார் பெட்டி என்று பார்த்துக் கொடுப்பார். கணினியின் முகவரி என்பது கிட்டங்கியின் கதவு எண். போர்ட் என்பது எந்தப் பெட்டி என்பது. 8080 என்றால் எட்டாயிரத்து எண்பதாவது பெட்டி. இணையப் பக்கங்களுக்கு வழக்கமான பெட்டி 80. பிராக்சிக்காரர்கள் அதையே இரட்டித்து 8080 என்று வைத்துக்கொண்டார்கள். இணையம் எங்கள் ஊருக்குப் புதிதாக வந்த காலத்தில், டிஎம்நெட்டுக்கு 1515 என்று டயல் செய்து, மோடம் கோழிகூவுவதுபோல் கூவி, இணைப்பு கிடைத்ததும் உலாவியில் பிராக்சி முகவரியும் 8080-உம் போட்டுக்கொள்வது பஞ்சாங்கம் பார்ப்பதுபோல் எல்லோருக்கும் பழக்கம். அமெரிக்காவிலிருந்து ஒரு படம் கடல் தாண்டி வர வயது போய்விடும் என்பதால், பக்கத்திலிருக்கும் பணியாள் வைத்திருக்கும் பழைய பிரதியை வாங்கிக்கொள்வது லாபம். அந்தக் காலத்தில் பிராக்சியை நிறுத்துகிறவன் பைத்தியக்காரன். இப்போது கம்பிக்குள் வெளிச்சம் ஓடுகிறது; தனியாள் வீட்டில் பணியாளுக்கு வேலையில்லை. அலுவலகங்களில் மட்டும் இன்னும் இருக்கிறான், அங்கே அவன் வேலை வேறு. நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் மதிய நேரத்தில் ஒரு தமிழ்ப் பத்திரிகைப் பக்கத்தைத் திறக்கவிடாமல் பன்னிரண்டு வருஷம் நின்றான். நான் திறக்கப் பார்த்ததைக் குறித்தும் வைத்தான்.

அதுதான் நடுவில் நிற்கும் ஆள். நல்லவனாக இருந்தால் எடுத்துக் கொடுப்பான். ஆனால் எல்லாம் அவன் கை வழியாகப் போகிறது. பூட்டுப் போட்ட (https) பக்கங்களில் உள்ளே இருப்பதைச் சாதாரணமாக அவனால் படிக்க முடியாது என்றாலும், எந்த வீட்டுக்குப் போகிறோம் என்பது தெரியும். பூட்டில்லாத பக்கமென்றால் திறந்த தபால் அட்டை. இலவசமாகப் பணியாள் வேலை பார்க்க ஒருவன் வருகிறான் என்றால் அவன் சம்பளத்தை வேறெங்கோ வாங்குகிறான். இந்த ஞானம் எனக்குப் படம் பார்ப்பதற்கு முன்னால் வந்திருக்க வேண்டியது. நாட்டுக்கே 2024 செப்டம்பரில் இப்படி ஒன்று வந்து போனது. தளப் பெயருக்கு எண் முகவரி சொல்லும் கூகுள், கிளவுட்ஃபிளேர் போன்ற வெளிப் பெயரேடுகளைப் போய்க் கேட்கும் விசாரணைகளை உள்ளூர் இணைய நிறுவனங்களின் பெயரேட்டுக்கே திருப்பிவிட வேண்டும் என்று தொடர்பு ஆணையம் சொல்ல, கேட்காமலே நடுவில் ஆள் வைப்பதா என்று கூச்சல் எழுந்தது. 8-ஆம் தேதி அமைச்சர் ஃபாமி ஃபட்சில் அந்தத் திட்டம் வேண்டாம் என்று நிறுத்தினார். கீழே கடையில் அன்று பந்து விளையாட்டைக்கூட விட்டுவிட்டு இதைப் பேசினார்கள். நானும் கூச்சல் போட்டேன். நடுவில் ஆள் இருப்பதே தப்பு என்று மேசையைத் தட்டினேன்.

தட்டியிருக்கக் கூடாது. ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் எட்டு வருஷமாக நடுவில் நிற்கும் ஆள் நான்தான்.

என் அக்கா பட்டர்வொர்த்தில் இருக்கிறார். அவருக்கும் என் மனைவிக்கும் 2017 தைப்பூசத்திலிருந்து பேச்சு இல்லை. அந்த வருஷம்தான் பினாங்கில் முதல்முதலாகத் தங்க ரதம் வந்தது. லெபு பினாங்குக் கோயில் வீட்டிலிருந்து முருகன் புறப்படும் வெள்ளி ரதம் எங்கள் தாத்தா காலத்திலும் இருந்தது. தங்க ரதத்தில் வேல் வந்தது. நான் ஒரு சாக்குத் தேங்காய் வாங்கி வைத்திருந்தேன். தாத்தா வேலை பார்த்த தெரு, வெள்ளி ரதத்துக்குத்தான் உடைக்க வேண்டும் என்பது அக்கா. புதிதாக வருவதை முதலில் வரவேற்க வேண்டும் என்பது மனைவி. ஆளுக்குப் பாதி என்று நான் பிரித்தேன். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தது. அந்தக் கடைசித் தேங்காயை மனைவி எடுத்து உடைத்தாள். முருகன் இரண்டு ரதத்தையும் மன்னித்துவிட்டார். அக்கா மன்னிக்கவில்லை.

அன்றிலிருந்து அக்கா சொல்வது என் வழியாக மனைவிக்கும், மனைவி சொல்வது என் வழியாக அக்காவுக்கும் போகிறது. மாதம் இரண்டு தடவை ஃபெரி ஏறுகிறேன். "உன் பொண்டாட்டிக்கு இன்னும் திமிர் அடங்கலையா?" என்று அக்கரையில் கேட்டது, இக்கரைக்கு வரும்போது "உன்னை விசாரிச்சாங்க" என்று ஆகிவிடும். இது வடிகட்டும் பிராக்சி. சில சமயம் நேரமில்லை, மழை. ஃபெரி ஏறாமலே பழைய விசாரிப்பு ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவேன். இது சேமிக்கும் பிராக்சி. அக்காவுக்கு முழங்கால் ஆப்ரேஷன் ஆனபோது ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சும் வாங்கிக் கொடுத்து, "அவதான் கொடுத்தனுப்பினா" என்றேன். மனைவியின் பிறந்தநாளுக்குச் சௌராஸ்தா மார்க்கெட்டில் ஜாதிக்காய் ஊறல் வாங்கி வந்து, "அக்கா போட்டது" என்றேன். இதற்கு என்ன பெயர் என்று கணினிக்காரர்களைக் கேட்டால் கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்வார்கள்.

அன்றைக்கு ஆறே காலுக்கு, மனைவி இட்லிக்கு ஊறவைக்கப் போன சமயத்தில், போனை நானே காதில் வைத்துக்கொண்டேன். "என்னம்மா செய்யணும்?" என்றேன். "அந்தப் பொத்தானை அணைங்கப்பா" என்றாள். எரிந்த பொத்தானை ஒரு தடவை தொட்டேன். அணைந்தது. சாம்பல் பக்கத்தைப் புதுப்பித்தேன். உலகம் வந்துவிட்டது. ஒன்றரை மணி நேரம் மூவர் சேர்ந்து செய்ய முடியாதது மூன்று வினாடியில் முடிந்தது. 'அமைப்பைத் தானாகக் கண்டறி' என்று மேலே இன்னொரு பொத்தான் எரிந்தது. அது கெடுதல் இல்லை, இருக்கட்டும் என்றாள். "இது எப்படிப்பா வந்துச்சு?" என்றும் கேட்டாள். காற்றில் வந்திருக்கும் என்றேன்.

பேரன் தூங்கிவிட்டான். ஆனால் மகள் மறுநாளே சாயங்காலம் அழைத்தாள். தொலைக்காட்சி நிறையப் பேரன். புது ஸ்கூட்டர், விழுந்த பல், வரைந்த டைனோசர் எல்லாம் காட்டினான். கடைசியில் மகள், "ஒரு நிமிஷம்பா, இன்னொருத்தரையும் சேர்க்கிறேன்" என்றாள். திரை இரண்டாகப் பிளந்தது. இடது பக்கம் பேரன். வலது பக்கம், நெற்றியும் விசிறியும் தெரியும் கோணத்தில், பட்டர்வொர்த் அக்கா.

மனைவி எழுந்திருக்கவில்லை. எழுந்தால் தோற்றதாகிவிடும் என்று நினைத்திருப்பாள். அக்காவும் போனை வைக்கவில்லை. இரண்டு பேரும் எட்டு வருஷத்துக்குப் பிறகு நேருக்கு நேர், எங்கள் தொலைக்காட்சிப் பெட்டியின் அளவில்.

அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, உன் பொண்டாட்டி இளைச்சுட்டாளான்னு கேளு."

மனைவி என்னைப் பார்த்துச் சொன்னாள்: "கால் வலி எப்படி இருக்குன்னு கேளுங்க."

நான் பழக்க தோஷத்தில் வாயைத் திறந்தேன். ஒருவருக்கொருவர் முகம் தெரிகிறது, குரல் கேட்கிறது; நடுவில் நான் ஒருவன் அதையே இன்னொரு தடவை சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். சொன்னேன் என்றால் எதிரொலி. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியாது. "தண்ணி மோட்டார் ஓடுதான்னு பார்த்துட்டு வரேன்" என்று எழுந்தேன். அடுக்குமாடியில் தண்ணீர் மோட்டாருக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. யாரும் கேட்கவில்லை.

நடைபாதையில் செருப்பைத் தேடுகிற சாக்கில் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே மௌனம். பிறகு மனைவியின் குரல்: "அண்ணி, சாப்பிட்டீங்களா?"

மறுபடி மௌனம். "ஆச்சு. நீ?"

எனக்குக் கண் கலங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். கலங்கத்தான் போனது, அதற்குள் மனைவி, "அந்த ஜாதிக்காய் ஊறல் ரொம்ப நல்லா இருந்துச்சு அண்ணி" என்றாள்.

"எந்த ஜாதிக்காய்?"

"என் பொறந்தநாளுக்குப் போட்டு அனுப்பினீங்களே."

"நானா? எனக்கு அந்த வாசனையே ஆகாதே. அதை விடு, நீ ஹார்லிக்ஸ் அனுப்பினியே, எனக்குச் சர்க்கரைன்னு தெரிஞ்சும்..."

"நான் எப்ப அண்ணி ஹார்லிக்ஸ் அனுப்பினேன்?"

செருப்பு கிடைத்துவிட்டது. நான்கு மாடி. லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியிலேயே இறங்கினேன். மேலே இருவரும் வருஷவாரியாகக் கணக்கை எடுத்துவைத்து ஒப்பிடும் குரல் இரண்டாவது மாடி வரைக்கும் கேட்டது. தீபாவளி முறுக்கு, 2019. கோவிட் காலத்து முகக்கவசம். பிறகு சிரிப்புச் சத்தமும் வந்தது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் நான் இல்லை.

கீழே கடையில் போய் உட்கார்ந்தேன். தம்பி என் முகத்தைப் பார்த்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். நுரை தளும்பத் தளும்ப, பால், சீனி, நான்கு வருஷம் பழைய கணக்கில் ஒரு தே தாரிக் வந்து மேசையில் உட்கார்ந்தது.

திருப்பி அனுப்பவில்லை. கைப்பேசி மேசைமேல் துள்ளியது. இரண்டு பேரிடமிருந்தும் ஒரே சமயத்தில் அழைப்பு. "தம்பி, இன்னொன்னு" என்றேன்.